நாற்பது டோக்கனும் ஒரு கூடை தக்கையும்

டோக்கன் தீர்ந்துபோனபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

பலகையில் நாற்பது ஆணிகள். நாற்பதும் மொட்டையாக நின்றன. கூடத்திலோ கல்யாண வீட்டுக் கூட்டம். பெஞ்சுகளில் இடமில்லாமல் வாசலைத் தாண்டி அஞ்சடி நடைபாதை வரைக்கும் ஆட்கள். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். நான் நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் நிற்கிறேன். கையில் ஒன்றுமில்லை.

அழவேண்டிய நேரம் அது. எனக்கோ சிரிப்பு வந்தது. அடக்க அடக்க மூக்கு வழியாக வந்தது.

மருந்து ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கம்பவுண்டர் ஆ செங்கிடம், எண் எழுதிக் கொடுக்க வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஆ செங் ஹொக்கியன் சீனர். தமிழர் கடைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்ததால் எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். குனிந்து ஒரு பிரம்புக் கூடையைத் தூக்கி ஜன்னலில் வைத்தார்.

"தக்கை இருக்கு லா."

மருந்து சீசாவை அடைக்கிற தக்கை. கூடை நிறைய இருந்தது. நாற்பத்தொன்று என்று பென்சிலால் ஒன்றில் எழுதி, முன்னால் நின்ற பெண்ணின் கையில் வைத்தேன். அவள் அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாக இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று சனிக்கிழமை. பகல் ஒரு மணிக்குக் கிளினிக் கதவை மூடுவார்கள். அதோடு என் வேலையும் முடிகிறது என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள். போகிறவள் ஒழுங்காகப் போகாமல் ஏன் இப்படி ஒரு கூத்தைக் கிளப்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாத மிஸி

பினாங்கில் டிராம் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலம். எனக்கு வயது இருபதுகூட நிறையவில்லை. கெடாவில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை பழகிவிட்டு, ஜார்ஜ் டவுனில் டாக்டர் அருளம்பலத்தின் கிளினிக்கில் சேர்ந்தேன். நர்ஸ் என்று அப்போது யாரும் சொல்லமாட்டார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் நாங்கள் மிஸிதான். கிளினிக்கில் ஏற்கெனவே ஒரு மிஸி இருந்தார், திரேசம்மாள். அதனால் அவர் பெரிய மிஸி, பாக்கியமாகிய நான் சின்ன மிஸி.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தங்கமான மனிதர், கைராசிக்காரர். ஆனால் எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டார். இரண்டாவது மிஸி வேண்டும் என்பது அவர் யோசனையே அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரில் திரேசம்மாளின் கால்களை டாக்டரின் மனைவி பார்த்திருக்கிறார். வீங்கிய கால் சப்பாத்துக்குள் நுழையாமல், ஆண்கள் போடும் ரப்பர் செருப்போடு மீன் வாங்கிக்கொண்டிருந்தாராம். அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ, மறு வாரமே என்னைக் கூப்பிட ஆள் வந்தது. ஒரு மாதம் பார்ப்போம், தேவையிருந்தால் தொடரலாம் என்று டாக்டர் சொன்னார்.

தேவையில்லை என்றால் எனக்குப் போக்கிடம் கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் இருந்த அக்கா வீடு. அக்காவுக்கு ஐந்து பிள்ளைகள், ஆறாவது வழியில். நான் எப்போது வேலையை விட்டுவிட்டு வருவேன் என்று அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே போனால் அடுப்பும் தொட்டிலும்தான். ஐந்தாறு வருடத்துக்கு வெளியே வரமுடியாது. அக்காவை எனக்குப் பிடிக்கும். அவள் பிள்ளைகளை அதைவிடப் பிடிக்கும். ஆனால் வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு, அயோடின் வாசனையோடு டிராம் ஏறிக் கிளினிக்குக்கு வருகிற அந்தக் காலை நேரம் இருக்கிறதே, அதை விட எனக்கு மனம் வரவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தத் தொப்பியை வைத்துக்கொண்டு கடைக் கண்ணாடிகளில் என்னை நானே பார்த்துக்கொள்ளாத நாள் கிடையாது.

ஒரு குடும்பம், ஒரு டோக்கன்

கிளினிக்கில் பித்தளை டோக்கன்கள் நாற்பது. ஒன்று முதல் நாற்பது வரை எண் வெட்டி, ஒரு பலகையில் ஆணியில் தொங்கும். பலகையின் தலையில் டாக்டர் தன் கையால் எழுதியிருந்தார்: ஒரு ஆளுக்கு ஒரு டோக்கன். மாலையில் கூடம் காலியானதும் வந்து, ஆணியிலிருந்து எத்தனை இறங்கின என்று எண்ணி ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார்.

ஆனால் பினாங்கில் யார் ஐயா தனியாக டாக்டரிடம் போனார்கள்?

பக்கத்துச் சாப்பாட்டுக்கடை ராவுத்தர் வீட்டு ஹமீதா அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தலைவலி என்றால் ஏழு பேர் வருவார்கள். ஒரு டோக்கன் வாங்குவார். தலைவலிக்கு டாக்டர். மற்ற ஆறு பேருக்கும் நாங்கள்.

"மிஸி, இவனுக்குக் காதுல சீழு. இவளுக்குத் தலையில புண்ணு. சின்னவன எட போட்டுருங்க. இவரு சும்மாதான் வந்தாரு, வந்ததுக்கு அந்தக் கண்ணாடிக் குச்சிய வாயில வெச்சு விடுங்க."

கண்ணாடிக் குச்சி என்றால் தெர்மாமீட்டர். அது காய்ச்சலை உறிஞ்சிவிடும் என்று அந்தத் தெருவில் ஒரு நம்பிக்கை. காய்ச்சல் இல்லாதவர்களும் வந்து முன்னெச்சரிக்கையாக வாயைத் திறப்பார்கள். வைத்துவிட்டு எடுத்தால், "இப்ப தேவலாம்" என்று எழுந்து போவார்கள்.

குடும்பத்தைப் பிரித்து டோக்கன் கொடுக்கப் பெரிய மிஸி ஆரம்ப நாட்களில் முயன்றாராம். மருமகளுக்குப் பன்னிரண்டு, பேரனுக்குப் பதின்மூன்று, மாமியாருக்குப் பதினான்கு என்று கொடுத்திருக்கிறார். பேரனுக்குப் பின்னால் என்னை நிறுத்தினாயா என்று மாமியார் கோபித்துக்கொண்டு வைத்தியமே வேண்டாம் என்று கிளம்பிவிட்டாராம். மூன்று தெருவுக்கு அந்தக் கதை பரவிவிட்டது. அதிலிருந்து ஒரு குடும்பத்துக்கு ஒரு டோக்கன். பலகையில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது, நடப்பு மட்டும் மாறிவிட்டது.

டாக்டருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். அது நீளமான கடைவீடு. முன்னால் கூடம், நடுவில் எங்கள் அறை, பிறகு வெளிச்சத்துக்கு ஒரு முற்றம், அதற்கும் பின்னால் டாக்டர் அறை. கூடத்தின் வழியாக வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அவர் பின் சந்து வழியாகத்தான் வருவார், அப்படியே போவார். டோக்கன் கையில் இருப்பவர் மட்டும் அவர் அறைக்குப் போவார். மற்றவர்களெல்லாம் நடு அறையிலேயே எங்கள் கையில் முடிந்துவிடுவார்கள்.

அந்த நடு அறையில் ஒரு மேஜை, இரண்டு பீங்கான் தட்டு, கொதிக்கிற தண்ணீர்ச் சட்டி. காலையிலிருந்து புண் கழுவிக் கட்டுப் போடுவது, காது கழுவுவது, மலேரியாவுக்குக் கொய்னா விழுங்க வைப்பது, விழுங்கியதைக் கக்கிவிட்டால் மறுபடி விழுங்க வைப்பது. இதற்கு நடுவில் டாக்டர் அறை மணி அடிக்கும். பெண்களைத் திரைக்குப் பின்னால் டாக்டர் பார்க்கும்போது மிஸி பக்கத்தில் நிற்கவேண்டும். மிஸி இல்லாவிட்டால் எந்த வீட்டுப் பெண்ணும் நாக்கைக்கூட நீட்டமாட்டாள். ஆக, பெரிய மிஸி திரைக்குள் போனால் நடு அறை அப்படியே நின்றுவிடும். பாதி கழுவிய காலோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நான் வருவதற்கு முன்னால் பத்து வருடமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

பெரிய மிஸியின் கௌரவம்

திரேசம்மாளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நான் செய்த குற்றம் ஒன்றுதான், வந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் உன்னால் தனியாக முடியவில்லை என்று யாரோ அவரிடம் சொல்வது போல இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. நான் சுற்றிய கட்டை அவிழ்த்து மறுபடி சுற்றுவார். நான் காய்ச்சிய ஊசியை மறுபடி காய்ச்சுவார். ஒரு மாதத்தில் என்னிடம் பேசியது நாலு வாக்கியம் இருக்கும். அதில் மூன்று "தள்ளி நில்லு."

வெள்ளிக்கிழமை மாலை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் அந்த நோட்டு திறந்திருந்தது.

"பிள்ளை, நீர் நல்லா வேலை செய்யிறீர். குறை சொல்லேலாது. ஆனா நான் ஒரு மாசமா எண்ணிப் பார்த்தனான். ஒரு நாளைக்கு முப்பத்தஞ்சு, முப்பத்தாறு. அவ்வளவு பேருக்கு ரெண்டு மிஸி என்னத்துக்கு?"

 டோக்கன் வேறு, ஆள் வேறு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்து வருடமாகப் பெரிய மிஸி விதியை மீறினார் என்று கோள் சொன்னதாகும். வெளியே வந்து அவரிடமே போனேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கெஞ்சினேன். அவர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே, பத்து வருடமாகத் தனியாகத்தான் பார்க்கிறேன், இனியும் பார்ப்பேன் என்றார். சப்பாத்தை மேஜைக்கு அடியில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார்.

இரவு முழுக்க அழுதேன். விடிந்தபோது அழுகை போய் வீம்பு வந்துவிட்டது. யார் மேலும் கோள் சொல்லவேண்டாம். பலகையில் எழுதியிருக்கிறதல்லவா, ஒரு ஆளுக்கு ஒரு டோக்கன் என்று? கடைசி நாள், விதிப்படி நடந்துவிட்டுப் போவோம்.

தக்கைப் படலம்

அதனால்தான் நாற்பதும் ஒன்பதுக்குள் தீர்ந்தன. நாக்கை நீட்டியவர், காதைக் காட்டியவர், கண்ணாடிக் குச்சிக்கு வாயைத் திறந்தவர், ஆளுக்கு ஒன்று. தனித்தனியாக எண் கிடைத்ததில் குழந்தைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த முறை மாமியார்களுக்கு முதலில் கொடுத்தேன், அதனால் சண்டையில்லை. பெரிய மிஸி திரைக்குள்ளிருந்து வெளியே வந்து கூடத்தைப் பார்த்தார்.

"என்ன பண்ற?"

"பலகையில போட்டிருக்கிறதத்தான் பண்றேன் மிஸி."

அவர் வாயைத் திறப்பதற்குள் டாக்டரின் மணி அடித்தது. முறைத்துக்கொண்டே மறுபடி திரைக்குள் போனார்.

தக்கைகள் கூடத்தில் பரவின. பெரிய தக்கை முடிந்து, காதுச் சொட்டு மருந்துக்கு வைத்திருந்த சுண்டுவிரல் நுனியளவு தக்கைகளைக் கொடுக்க ஆரம்பித்தேன். கூடை அடி தெரிந்தபோது எண்பதைத் தாண்டியிருந்தேன். எனக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றியது, சந்தோஷத்தில். அடுத்து எதைக் கொடுப்பது, பஞ்சுருண்டையா, சோடா மூடியா என்று ஆ செங்கும் நானும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் சிரிப்பு நின்றது.

"சின்ன மிஸி, மருந்துக்குத் தக்கை எங்க?"

எனக்கு உறைத்தது. மருந்து கலக்கியாயிற்று, சீசாவில் ஊற்றியாயிற்று, அளவு காட்டப் பல்பல்லாக வெட்டிய காகிதத்தையும் ஒட்டியாயிற்று. அடைக்க ஒரு தக்கை இல்லை. எல்லாம் கூடத்தில் ஆளாளுக்கு மடியிலும் இடுப்பிலும் இருக்கின்றன. திருப்பிக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? கொடுத்தால் முறை போய்விடுமே.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற முனியாண்டி அண்ணனுக்கு இருமலுக்கு ஒன்று, கொய்னாத் தண்ணீர் ஒன்று, ஆக இரண்டு சீசா. இரண்டு கட்டைவிரலையும் இரண்டு சீசாவின் வாயில் வைத்து அடைத்துக்கொண்டு எழுந்தார். கொஞ்சம் நடந்தார். யோசித்தார். திரும்பி நேரே டாக்டர் அறைக்குப் போனார். கதவைத் தட்டக் கையில்லை. காலால் உதைத்தார்.

"ஐயா, தக்கையில்லையாம். வீட்டுக்கு எப்படிப் போறது?"

டாக்டர் கூடத்துக்கு வந்தார்

அந்தக் கிளினிக்கின் சரித்திரத்தில் முதல் தடவையாக, ஆட்கள் இருக்கும்போதே டாக்டர் அருளம்பலம் முற்றத்தைக் கடந்து கூடத்துக்கு வந்தார். எண்பது தொண்ணூறு முகங்கள் அவரை நோக்கித் திரும்பின. எண்பது தொண்ணூறு கைகள் டோக்கனையோ தக்கையையோ உயர்த்திக் காட்டின.

அவர் ஒன்றும் சொல்வதற்குள் ஹமீதா அக்காவின் கூச்சல் கேட்டது. அந்த அக்காவின் சின்னவன், நாலு வயதுக் கரீம், தன் தக்கையை மூக்குக்குள் ஏற்றிவிட்டான். எண்ணூறு மைல் தூரம் கேட்கும்படி ஊளையிட்டான்.

"மிஸி, இங்க வாரும்" என்று டாக்டர் தன் அறைத் திரைப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். உள்ளே ஒரு பெண் பாதிப் பரிசோதனையில் படுத்திருந்தாள். அவளை விட்டுவிட்டு வரமுடியாது என்று பெரிய மிஸியின் குரல் வந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார். என் மடியில் ஒரு தாத்தாவின் கால். புண்ணில் மருந்து கலந்த ஊதாத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கால், இன்னொரு கையில் குவளை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மூன்றாவது மிஸி எங்கே என்று கேட்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

வேறு வழியில்லை. கோட்டைக் கழற்றினார். பெஞ்சில் உட்கார்ந்து கரீமை மடியில் வைத்து, ஆ செங்கைத் தலையைப் பிடிக்கச் சொன்னார். நல்ல மூக்கை விரலால் அடைத்து, "ஊது ராசா, பலமா ஊது" என்றார். கரீம் ஊதினான். தக்கை பறந்து டாக்டரின் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கூடம் முழுக்கக் கைதட்டியது. அந்த உற்சாகத்தில் பையன் டாக்டரின் மடியை நனைத்துவிட்டான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. டாக்டரே பெஞ்சுக்கு வந்துவிட்டார் என்று பார்த்ததும் வரிசை அவர் பக்கம் திரும்பிவிட்டது. "வந்ததுக்கு இவன் காதையும் பாத்துருங்க ஐயா." "வந்ததுக்கு இவளுக்கும்." நனைந்த கால்சட்டையோடு ஒன்றரை மணி நேரம் அந்தப் பெரிய மனிதர் காது கழுவினார், சொறிக்கு மருந்து தடவினார், குழந்தைகளை எடை போட்டார். ஒரு கிழவருக்குத் தெர்மாமீட்டர் வைத்து எடுத்தார். "இப்ப தேவலாம்" என்று கிழவர் எழுந்து போனதும் டாக்டர் அவர் பின்னாலேயே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வேலை போகப்போகிறது என்பதையே மறந்துவிட்டேன்.

தீர்ப்பு

ஒரு மணிக்கு மூடவேண்டிய கதவை மூன்றுக்குத்தான் மூடினோம். டாக்டர் நடு அறையில் ஒரு முக்காலியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆ செங் தக்கைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பெல்லாம் வடிந்து, அக்கா வீட்டு அடுப்பு கண்முன் வந்துவிட்டது.

டாக்டர் திரேசம்மாளைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை, ஒரு திகைப்புதான் இருந்தது.

"இவ்வளவு சனம் தினமும் வருதோ? ஏன் இத்தனை வருசமா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க டோக்கனத்தானேய்யா எண்ணுனீங்க. ஆள எண்ணலியே."

 டாக்டர், பாக்கியம் போகவேண்டுமா இருக்கவேண்டுமா என்று நீரே சொல்லும் என்று பெரிய மிஸியிடமே விட்டுவிட்டார். இந்த அறைக்கு ஒரு மிஸி போதுமா என்று நேராகக் கேட்டார்.

என் உயிரே போய்விட்டது. யாரிடம் கேட்கிறார்? பத்து வருடம் உட்காராத மனுஷியிடம்.

திரேசம்மாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு ஒரு ஆளே போதும்யா."

நான் ஏப்ரனை மேஜையில் வைத்தேன். 

அவர் அதை எடுத்து மறுபடி என் கையில் திணித்தார். கூடத்தின் காலி பெஞ்சுகளை மோவாயால் காட்டினார்.

"அவங்களுக்குத்தான் ஒரு ஆள் பத்தாது."

சொல்லிவிட்டு அந்தப் பெஞ்சுக்கே போய் உட்கார்ந்தார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் சப்பாத்தைக் கழற்றி, காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "ஏன் நிக்கிற, அந்த ஊசிங்கள எடுத்துக் காய்ச்சு" என்றார். காய்ச்சினேன். அவர் அதை மறுபடி காய்ச்சவில்லை. தண்ணீர் கொதிக்கிற சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

திங்கட்கிழமை

அன்று மாலை அக்காவைப் பார்க்கப் படகில் ஏறிய பிறகுதான் பையில் கைவிட்டேன். ஐந்து தக்கைகள் இருந்தன. அக்கா வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்து, இதுதான் கிளினிக் டோக்கன் என்று கதையைச் சொன்னேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நான் இனி அவளுக்குக் கிடைக்கமாட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் பாத்திரங்களை உருட்டினாள். பிறகு வந்து, எனக்கென்று எடுத்துவைத்திருந்த நெத்திலிச் சம்பாலை இலையில் வைத்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் முதல் முறையாகக் கூடத்தின் வழியாக உள்ளே வந்தார். பலகையின் மேல் கூடுதலாக அறுபது ஆணி அடிக்கச் சொல்லியிருந்தார். இனிமேல் கண்டிப்பாக ஆளுக்கு ஒன்று என்று என்னிடம் உத்தரவும் போட்டார்.

கதவைத் திறந்தேன். வரிசையில் முதல் ஆள் என் அக்கா. முதல் படகைப் பிடித்து வந்திருக்கிறாள். ஐந்து பிள்ளைகளும் எண்ணெய் தடவித் தலை வாரிக் கையில் தக்கையோடு நின்றார்கள்.

"பெரியவனுக்குக் காது" என்றாள். "வந்ததுக்கு மத்தவங்களையும் பாத்துரு. டோக்கன் ஒண்ணு போதும் லா, ஒரே குடும்பந்தானே."

பெரிய மிஸி என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

ஒன்றே ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நடு அறையில் இரண்டு மிஸிகள் தயாராக நின்றோம்.